மடியில் வந்த இசைத்தட்டுகள்

மறுநாள் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். சேலத்தில் அத்தை வீட்டில் இருந்த அவர், தனக்குப் பிடித்த அமெரிக்க நாட்டுப்புற 'கன்ட்ரி' இசைப் பாடகரின் பழைய இசைத்தட்டுகளை ஒருமுறை கேட்க ஆசைப்பட்டார். ஏற்காட்டிலிருந்து அவற்றைப் பையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஒவ்வொரு வளைவிலும் தட்டுகள் உடைந்துவிடுமோ என்று பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, அதைய எங்கிட்டக் குடுங்க," என்றார் சீட்டில் இருந்த ஒரு பெண். தயங்கித்தான் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த கொண்டை ஊசி வளைவில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். அந்தப் பெண்ணின் நெற்றி முன்கம்பியில் மோதியது. கைகள் பையை விடவில்லை.

"ஒண்ணும் ஆகலீங்க, பாருங்க," என்று பையைத்தான் காட்டினார். நெற்றி புடைத்திருந்தது.

அப்பா பாட்டுக் கேட்டார், பிழைத்தும் வந்தார். பைக்குள் என்ன இருக்கிறதென்று அந்தப் பெண் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை கேட்கவே இல்லை.