எச்சில் மூலை

வன்னியபெருமாள் சார் பக்கம் புரட்டும் முன் ஆட்காட்டி விரலை நாக்கில் வைப்பார். பட்டும் படாமல் தொட்டுக்கொள்கிற ஆள் இல்லை. நாக்கை முழுதாக வெளியே நீட்டி, விரலை அதன்மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்து, அதன் பிறகுதான் தாளைத் தொடுவார். இசக்கித்தாய் இதைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறாள். பழகிவிடும் என்று முதலில் நினைத்தாள். பழகவில்லை. முதல் நாள் குமட்டிய மாதிரியேதான் ஒவ்வொரு நாளும் குமட்டியது.

மில்லர்புரத்தில் ஒரு வீட்டின் மாடியில் பட்டாளப் பரீட்சைக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் அது. சார் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து வந்தவர். காலை ஆறு மணிக்கு அவர் இங்கிலீஷ் சொற்கள் நடத்துவார். ஏழு மணிக்கு இன்னொரு வாத்தியார் வந்து கணக்கு எடுப்பார். சார் இங்கிலீஷ் நடத்தும் நேரத்தில்தான் இசக்கித்தாய் வராந்தாவைத் துடைப்பாள். துறைமுகத்துக் கரித்தூசி துடைத்த ஈரம் காய்வதற்குள் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சாரின் பெருமையெல்லாம் ஒரு நீள நோட்டில் இருந்தது. ஆயிரத்து இருநூறு இங்கிலீஷ் சொல். இடது பக்கம் சொல், வலது பக்கம் அர்த்தம், எல்லாம் அவர் கையெழுத்து. ஜெராக்ஸ் எடுக்க விடமாட்டார். "கை வலிக்க எழுதுனாத்தாம்ல மண்டைல ஏறும்" என்பார். பிள்ளைகள் முறை வைத்து வீட்டுக்கு வாங்கிப்போய்ப் பார்த்து எழுதி, மறுநாள் காலையில் கொண்டுவருவார்கள்.

வகுப்பு முடிந்தால் அந்த நோட்டு மேசையில் கிடக்கும். மேசையைத் துடைக்க வேண்டுமானால் அதை எடுத்துத்தான் ஆகவேண்டும். சார் பன்னீர்ப் புகையிலை போடுகிறவர். தாள்களின் கீழ் மூலை பழுத்துக் கறுத்து, கருவாட்டுத் தோல் மாதிரி விறைத்து நிற்கும். இசக்கித்தாய் துணியைச் சுற்றிப் பிடித்துத்தான் தூக்குவாள். பிறகு பினாயில் வாளியில் கையை முக்குவாள். அப்படியும் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கும்போது அந்த மூலை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அவள் படித்தது ஏழாம் வகுப்பு வரைதான். ஆனால் ஒரே பாடத்தை வருடத்துக்கு இரண்டு தடவை, பதினோரு வருடமாகக் கேட்கிறாள். எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரும், எந்த இடத்தில் சார் கதை சொல்வார், எந்த இடத்தில் இருமுவார் என்பது வரை அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அவள் அங்கே வாய் திறந்ததே இல்லை.

மகள் செல்வி பிளஸ் டூ முடித்துவிட்டு அங்கேயே சேர்ந்தாள். ஆபீசர் ஆகவேண்டும், அதுவும் கடற்படையில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வேலைக்காரி மகள் என்பதால் சார் பீஸ் வாங்கவில்லை. கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பயமெல்லாம் இங்கிலீஷில்தான். அதிலும் தப்பான விடையைத் தொட்டால் கிடைத்த மார்க்கிலும் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையூரணி வீட்டு வாசலில் இசக்கித்தாய் சாளை கழுவிக்கொண்டிருந்தாள். செல்வி சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"கிரிகேரியஸ், பேராசைக்காரன். கிரிகேரியஸ், பேராசைக்காரன்."

இசக்கித்தாயின் கை நின்றது. "ஏளா, அது கூட்டத்தோட கூடிக்கிட்டு இருக்கவன்லா?"

"நீ மீனக் கழுவும்மா."

"மாதா கோயில் தேருக்குக் கூடுத கூட்டத்தச் சொல்லித்தான சார் நடத்துவாவ. முந்தியெல்லாம் வருசா வருசம் கேட்டிருக்கேன்."

"எங்களுக்குப் பேராசைன்னுதான் சொன்னாவ. ஒனக்கு இங்கிலீசு வேற தெரியுமாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே செல்வி போனை எடுத்துத் தட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அதுக்கு அடுத்தது டாசிட்டர்ன் வரும். அதுக்கு என்ன எழுதிருக்க?" என்று கேட்டாள் இசக்கித்தாய்.

"கோவக்காரன்."

"இல்லட்டீ. வாயத் தொறக்காதவன். அதுக்கு என்னயத்தான் காட்டுவாவ. 'அங்கன பாருங்கல, நம்ம இசக்கி மாதிரி'ன்னு. பிள்ளைய எல்லாம் திரும்பிப் பாத்துச் சிரிக்கும்." அவள் மீன் செதிலைச் சுண்டி எறிந்தாள். "எனக்கு மறக்குமா?"

செல்வி போனைப் பார்த்தாள். அதுவும் சரியாக இருந்தது.

அப்போதுதான் இசக்கித்தாய்க்கு விஷயம் பிடிபட்டது. இரண்டுமே பக்கத்தின் கடைசியில், சார் நாக்கை நீட்டுவதற்கு முன்னால் வரும் சொற்கள். அர்த்தம் எழுதியிருந்த இடம் மூலையில் இருந்தது. மூலையை விரல் தின்றுவிட்டது. எழுத்து இருந்தவரை சார் வாசித்தார். அது மங்கியதும் ஞாபகத்திலிருந்து சொன்னார். ஞாபகமும் போனபிறகு வாயில் வந்ததைச் சொன்னார். பிள்ளைகளும் அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்ப் பரீட்சையில் வைத்தார்கள்.

அன்று மாலைக்குள் அம்மாவும் மகளும் பக்கக் கடைசிச் சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். இருபத்தாறு சொல்லில் பதினெட்டு தப்பு. சரியான அர்த்தங்களைச் செல்வி ஒரு தாளில் எழுதி வைத்தாள். போன வருடங்களில் படித்துவிட்டுத் தோற்றுப் போன பிள்ளைகளின் முகங்கள் இசக்கித்தாய்க்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. சாளைக் குழம்பு அப்படியே இருந்தது. அவளுக்கு இறங்கவில்லை.

மறுநாள் செல்வி வகுப்பில் எழுந்து கேட்டுவிட்டாள். "சார், கிரிகேரியஸ்னா கூட்டத்தோட பழகுதவன்னு போட்டிருக்கு."

"யாருளா ஒனக்குச் சொன்னது?"

"எங்கம்மா."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சாரும் சிரித்தார். "ஏளா இசக்கி, இங்கன வா. நீ எப்பம்ளா இங்கிலீசு டீச்சர் ஆன? சொல்லவே இல்லியே?"

இசக்கித்தாய் துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்றாள். வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம் என்றுதான் இருந்தாள். அந்த நேரம் பார்த்து சார் நாக்கை நீட்டினார். விரலை வைத்து இழுத்தார். பக்கத்தைத் தொட்டார்.

"அதுல எழுத்து இல்ல சார்" என்றாள். "எச்சி தொட்டுத் தொட்டு நீங்கதான் அழிச்சிட்டிய. அழிஞ்சத ஒங்க இஷ்டத்துக்குச் சொல்லுதிய. பிள்ளைய பாடுபட்டு மனப்பாடம் பண்ணுதுவோ சார்."

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஷெர்லி என்ற பெண் அந்த வாரம் நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனவள். அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுடிதாரில் அழுத்தித் துடைத்தாள். பின்னால் ஒருவன், "ஐய, நான் அத பக்கத்துல வச்சுக்கிட்டுல்லா இட்லி தின்னேன்" என்றான்.

சார் விரலை மறுபடியும் நாக்குக்குக் கொண்டுபோனார். பாதி வழியில் கையை இறக்கினார்.

வேலை போய்விடும், செல்வியின் படிப்பும் போய்விடும் என்று இசக்கித்தாய் நினைத்தாள். அப்படி நடந்திருந்தால்கூட அவளுக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். நடந்தது வேறு. மறுநாள் விடிகாலை, பிள்ளைகள் வருவதற்கு முன்னால், சார் படிக்கட்டில் நின்று தணிந்த குரலில் கேட்டார். "செல்வி ஒரு லிஸ்ட் போட்டிருக்காளாமே. அதக் கொண்டாரச் சொல்லு. அவ இங்கனயே படிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல."

வேறு இடத்தில் பீஸ் கட்ட வழியில்லை, அங்கேயே இருந்தாக வேண்டும். செல்வி லிஸ்டைக் கொடுத்தாள். சார் ஒரு புது நோட்டு வாங்கி, பிள்ளைகளை வைத்தே முழுவதையும் எழுத வைத்தார். அட்டையில் 'திருத்திய பதிப்பு' என்று எழுதித் தன் பெயரையும் போட்டுக்கொண்டார். வகுப்பில், "நாலு டிக்ஷனரியப் பாத்து நானே சரிபண்ணேன்" என்றார். கொடுத்ததற்காக இசக்கித்தாய்க்குத் தன்மீதும் அருவருப்பாக இருந்தது. பதினெட்டுச் சொல்லும் இனி வரும் பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேருமே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

செல்வி எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். அடுத்த மாதம் நேர்முகத்துக்காகப் போபால் போகிறாள். மாடிப்படி அருகே பிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். அதில் செல்வியின் படம் சின்னதாகவும் சாரின் படம் பெரிதாகவும் இருக்கிறது. 'எங்கள் மாணவி' என்று போட்டிருக்கிறது. கரித்தூசி படிவதால் தினமும் காலையில் இசக்கித்தாய்தான் அதைத் துடைக்கிறாள். புது நோட்டு மேசையில் கிடக்கிறது. முதல் பத்துத் தாள்களின் மூலை பழுத்துவிட்டது.