கொடிக்கயிற்றில் ஒரு கண்காட்சி

கணக்கு வாத்தியாரிடம் எந்தத் தகப்பனும் வந்து, 'இதைப் படித்து என் பிள்ளை என்னத்தைக் கிழிக்கப் போகிறாள்?' என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி முழுவதும் சித்திர வாத்தியாருக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இதே தொழிலில் மாட்டிக்கொண்ட நண்பர்களே, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டேன். ஆனாலும் ஞாயிறு காலையானால் கொட்டகலையில் பஸ் ஏறி, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் போய் நிற்கிறேன். கொழுந்தெடுக்கும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்த அறை, அன்று மட்டும் எனக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஓவியக்கூடம்.

தென்னை மரம்

முதல் வகுப்பில், "உங்க ஊர வரைங்க" என்றேன். வந்த படங்கள் அத்தனையிலும் கடல், படகு, தென்னை. அந்தத் தோட்டத்தில் பெயருக்குக்கூட ஒரு தென்னை கிடையாது. ஜன்னலுக்கு வெளியே மலையும் தேயிலையும், மலையைப் பாதி விழுங்கிவிட்ட பனிமூட்டமும்தான். அதை ஒருவரும் சீண்டவில்லை.

இருந்தவற்றில் கவிதாவின் படகுதான் அழகு. தண்ணீரில் அதன் நிழலைக்கூட ஆடவிட்டிருந்தாள். கொழுந்து லொறி ஓட்டும் செல்வராசுவின் மகள். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தவள். ஏம்மா, ஜன்னல் வழியாகத் தெரிவதை வரையக் கூடாதா என்று கேட்டேன். என்மேல் பரிதாபப்பட்டவள்போல் பார்த்தாள்.

"அதான் தெரியுதே சேர், அத எதுக்கு வரையணும்?"

ஆரஞ்சு மலை

அடுத்தடுத்த வாரங்களில் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். உடனே பச்சைக்குப் பஞ்சம் வந்தது. மலைநாட்டில் வர்ணப்பெட்டி வாங்குகிறவர்கள் கவனிக்க: மற்ற நிறங்களெல்லாம் சும்மா படுத்திருக்கும், பச்சை மட்டும் இருக்காது.

அப்போதுதான் நிரோஷன் என்ற வாண்டு மலை முழுவதையும் ஆரஞ்சு நிறத்தில் தீட்டிக்கொண்டு வந்தான். எனக்குப் புல்லரித்தது. கண் பார்ப்பது ஒன்று, மனம் பார்ப்பது வேறு, இதுதான் கலை என்று வகுப்பை நிறுத்திவைத்து நெடுநேரம் பேசினேன். முடியும்வரை மரியாதையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

"இல்ல சேர், பச்சை முடிஞ்சிருச்சு. நீங்க வாங்கித் தர்ற வரைக்கும் இது கேரட் தோட்டம்."

செல்வராசுவின் கேள்வி

கவிதாவுக்கு அடுத்த இரண்டு வருட உயர்தரப் படிப்பில் சித்திரம் ஒரு பாடமாக எடுக்க ஆசை. அப்பாவிடம் பேசச் சொல்லி என்னைத் தள்ளிவிட்டாள். செல்வராசு லொறிச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, நான் சொன்னதை நிதானமாகத்தான் கேட்டார். கொழும்பில் அவருடைய மச்சான் துணிக்கடை வைத்திருக்கிறார். கண்காட்சி என்று ஏதோ போடுகிறீர்களாமே, அது முடிந்ததும் பிள்ளையை அங்கே வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்றார். திறமையுள்ள பிள்ளை, படம் வரைந்தே பிழைக்கலாம் என்று நான் இழுத்தேன்.

"கோவிச்சுக்காதீங்க சேர். ஒங்களுக்குச் சம்பளம் குடுக்குறது படம் வரைஞ்சதுக்கா, வரையச் சொல்லிக் குடுக்குறதுக்கா?"

மழை

கண்காட்சி அன்று, அதற்காகக் கேட்டுவைத்திருந்த தோட்டத்து மண்டபத்தின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துத் தலைவர் ஹட்டனுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். பிள்ளைகள் அசரவில்லை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் வாசல்களில் துணி காயப்போடும் கொடிக்கயிறுகளில் கிளிப் மாட்டிப் படங்களைத் தொங்கவிட்டார்கள். செல்வராசு வீட்டுக் கொடியில் கவிதாவின் படம்: பனிமூட்டத்தில் நிற்கும் கொழுந்து லொறி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் அப்பா. ஜன்னல் வழியாகத் தெரிவதுதான். செல்வராசு வாசலில் கைகட்டி நின்றார்.

திடீரென்று ஒரு குரல்: "மழ வருதுடீ, எடுங்கடீ!" அவ்வளவுதான். காய்ந்த துணியை அள்ளுவதுபோல லயமே ஓடிவந்து படங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது. நானும் பிள்ளைகளும் நனைந்துகொண்டு வெறுங்கயிறுகளைப் பார்த்து நின்றோம்.

மழை விட்டதும் வீடு வீடாகப் போனேன். அதற்குள் படங்கள் சுவரில் ஏறியிருந்தன. ஒருவரும் திருப்பித் தரவில்லை. நிரோஷனின் கேரட் தோட்டத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு பெண் என்னையே மடக்கினாள்:

"எங்க கொடியில தொங்குனது எங்களோடதுதானே சேர்?"

காணாமல் போன படம்

கவிதாவின் படம் மட்டும் எந்தச் சுவரிலும் இல்லை. "அப்பாதான் எடுத்தாரு சேர். கேட்டா பேச மாட்டேங்கிறாரு" என்றாள். கிழித்துப் போட்டிருப்பார் என்றே நினைத்தேன். தெரிவதை வரையச் சொன்னவன் நான்தானே? துணிக்கடைக்குப் போகிற பிள்ளைக்கு இல்லாத ஆசையை எதற்குக் காட்டினேன்?

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போக பஸ்ஸுக்கு நின்றேன். கொழுந்து லொறி வந்து என் அருகில் நின்றது. உள்ளே, முருகன் படத்துக்குக் கீழே, ஈரம் காய்ந்து சுருங்கிய அந்தப் படம். செல்வராசு தலையை வெளியே நீட்டினார். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

"வண்டி நம்பர்ல ஒரு இலக்கத்தத் தப்பாப் போட்டிருக்கா சேர். பள்ளிக்கூடத்துல ரெண்டு வருசம் ஒழுங்காச் சித்திரம் படிச்சு, அத சரி பண்ணட்டும்."

மாணவி தன் தவறைச் சீக்கிரம் திருத்திவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்ளும் வாத்தியார், இந்த மலைநாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.