ஈயம் வைத்து மூடிய கேழ்வரகு

மலாய் நாட்டில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளர் லயத்தில் நாங்கள் குடியிருந்தபோது பெருவெள்ளம் வந்தது. வீடு தப்பித்தது. பின்பக்கம் பலகை அடித்து, அத்தாப்பு ஓலை போட்டிருந்த அடுப்படி மட்டும் அப்படியே ஆற்றோடு போய்விட்டது. அடுப்புக்கு மேலே புகை படும்படி என் மனைவி கட்டித் தொங்கவிட்டிருந்த விதைக் கதிர்களும் அதோடு போயின. தண்டவாளத்தோரத் துண்டு நிலத்தில் வருஷா வருஷம் கேழ்வரகு போடுவாள். அரிசி தீர்ந்த நாட்களில் அந்தக் கூழ்தான் எங்கள் வயிற்றை நிரப்பும்.

வெள்ளம் வடிந்ததும் அவள் ரயிலேறி, கிள்ளான் தோட்டமொன்றில் இருந்த தன் அக்காவிடம் போனாள். இரண்டு படி விதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். கடையில் மாவு கிடைக்கும், முளைக்கிற கேழ்வரகு கிடைக்காது. ஆனால் வந்தபோது விதைக்க நிலம் இல்லை. கரையை உயர்த்த வேண்டுமென்று ரயில்வே அந்தத் துண்டை எடுத்துக்கொண்டது. வேறு இடம் கிடைக்கிறவரை விதையைக் காப்பாற்றியாக வேண்டும்.

அவள் மறுபடியும், புதிதாகப் போட்ட அடுப்புக்கு மேலேயே கட்டப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ரயில்வே பட்டறையில் தகர வேலை செய்தவன். என் கை பட்ட டின்னில் மண்ணெண்ணெய்கூடக் கசியாது என்று மேஸ்திரியே சொல்வார். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஒரு பெரிய பிஸ்கட் டின்னை எடுத்து, "இதுல போட்டு ஈயத்தால மூடிடறேன். ஆத்துல முங்கினாலும் ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"நாலு நாளா மூட்டமா இருக்குங்க. விதை காயல. பல்லுல வச்சுக் கடிச்சா டக்குன்னு உடையணும், இது நசுங்குது. கொஞ்சம் பொறுங்க."

"தண்ணியே உள்ள போகாதுன்றேன், அப்புறம் எப்படிக் கெட்டுப்போகும்?"

பட்டறையில் நாலு பேர் பாராட்டினால் அடுப்படியிலும் நாம்தான் மேஸ்திரி என்று நினைப்பு வந்துவிடுகிறது. அன்றைக்கே மூடியைச் சுற்றி ஈயம் பற்றவைத்து, டின்னைப் பரண்மேல் ஏற்றினேன்.

இரண்டு வருஷம் கழித்துப் பொருளாதார மந்தம் வந்தது. பட்டறையில் ஆட்களைக் குறைத்தார்கள், நானும் போனேன். லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். வேலையில்லாதவர்களை சர்க்கார் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. கிள்ளானை அடுத்த மேருப் பக்கம் ஒரு மலாய்க்காரர், கம்பம் என்று சொல்லும் தம் கிராமத்தின் ஓரத்தில் குடிசை போட்டுப் பயிர் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். நானும் அவளும் எட்டு வயது மகளுமாகக் காடு வெட்டினோம். "கேழ்வரகு வந்துட்டாப் போதும், நாம யாரும் கப்பலேற வேண்டாம்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மண் தயாரானதும் டின்னை இறக்கி ஈயத்தை அறுத்தேன். நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே கறுப்பாக ஒரே கட்டி. வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. உள்ளே இருந்த ஈரத்தையும் நான் வெளியே விடவில்லை.

அவள் கட்டியை உடைத்து, பூஞ்சை குறைவாக இருந்த மணிகளைப் பொறுக்கி, ஈரத் துணியில் முடிந்து வைத்தாள். தினமும் காலையில் பிரித்துப் பார்ப்பாள், தண்ணீர் தெளித்து மறுபடியும் முடிவாள். ஆறாம் நாள் பிரித்தவள் துணியை உதறிக் கொடியில் காயப்போட்டாள். அக்காவிடம் கேட்கலாம் என்றால், அவள் குடும்பம் போன மாதமே கப்பலேறிவிட்டது. கையில் இருந்த அரிசி மூன்று பேருக்குக் காணாது. மனைவியும் மகளும் கப்பலேறி, ஊரில் இருந்த அவள் அண்ணன் வீட்டுக்குப் போவதென்றும், எனக்கு வேலை கிடைத்ததும் அழைத்துக்கொள்வதென்றும் முடிவு செய்தோம்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. துறைமுகத்தில் படி ஏறும்போது, "அந்த டின்னைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நல்லாக் கழுவி அரிசி போட்டு வச்சுக்குங்க" என்றாள்.

வேலை கிடைத்து நான் கடிதம் எழுதியபோது அவள் அண்ணன்தான் பதில் போட்டார். வாந்திபேதி இரண்டு பேரையும் கொண்டுபோய்விட்டதாம்.

டின் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதில்தான் அரிசி போட்டு வைத்திருக்கிறேன். ஒரு சொட்டுக்கூடக் கசியாது.