பட்டியலில் தெரியாத முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். கோபித்துக்கொள்ள மாட்டாள், உள்ளுக்குள் பெருமைதான். மருத்துவமனைகளுக்கு இணையச் செயலி எழுதிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. பதினோரு பேர், ஒரு காபி மெஷின், மூடினால் திறக்காத ஒரு ஜன்னல். எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் வேண்டாததை வடிகட்டி, வேண்டியதை மட்டும் கண்ணில் காட்டுவதில் அவள் கெட்டிக்காரி. இந்தக் கெட்டிக்காரத்தனம் முக்கால்வாசி நேரம் சம்பந்தமில்லாத யார் தலையிலாவதுதான் விடியும். இவளுடையது பெரியப்பாவின் தலையில் விடிந்தது.

ஒரு பெரிய கண் மருத்துவமனை. கருவிழி மாற்று அறுவைக்குக் காத்திருப்போர் பட்டியல் அங்கே அனுமார் வால். இறந்துபோனவர்கள், வேறு இடத்தில் செய்துகொண்டவர்கள், எல்லாரும் அதில் அப்படியே கிடந்தார்கள். கவுன்ட்டரில் இருந்தவர்கள் புலம்பித் தீர்த்தார்கள். இவள் உட்கார்ந்து ஐந்தே வரி எழுதினாள். 'எனக்கு இன்னும் தேவைதான்' என்று வருடத்துக்கு ஒரு முறை, மெசேஜுக்குப் பதிலாகவோ கவுன்ட்டரில் நேரிலோ, உறுதி சொல்லாதவர் பட்டியலில் தெரியக் கூடாது. இதைச் செயலியின் ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக எழுதவில்லை. அடியிலேயே, எல்லாத் தேடலுக்கும் பட்டியலை எடுத்துத் தருகிற மாடலிலேயே பொருத்திவிட்டாள். அதன் பிறகு யார் எங்கிருந்து எதைத் தேடினாலும், கேட்காமலே இந்த நிபந்தனையும் கூடவே ஒட்டிக்கொண்டு போகும். யாரும் மறக்கவே வழியில்லை என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

பெரியப்பா என்பவர் அவள் அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் ஆபரேட்டர். எண்ணூறு நம்பராவது அவர் மண்டைக்குள் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை வைத்துப் பந்தயம் கட்டித் தோற்றுப்போவார்கள். வலது கண்ணின் கருவிழி வெளுத்து, இடது கண்ணும் மங்கத் தொடங்கியதும், யாரையும் தொந்தரவு செய்யாமல் தானே பஸ் ஏறிப் போய் விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தார். திரும்பும் வழியில் ரசீது மழையில் நனைந்து கூழாகிவிட்டது. அவர் கவலைப்படவில்லை. நம்பர்தான் தலைக்குள் ஏறிவிட்டதே.

ஒன்றரை வருடம் கழித்துப் போய்க் கேட்டால், அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை என்றார்கள். உடனே வீட்டார் இவளைக் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டியலை எழுதியவளே நம் வீட்டுப் பெண் என்றால் சும்மாவா? சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, அவர் சொன்ன நம்பரைத் தட்டினாள். இல்லை. பெயரைத் தட்டினாள். இல்லை.

"நல்லா யோசிச்சுப் பாருங்க பெரியப்பா. போகணும்னு நெனச்சிருப்பீங்க. போயிருக்க மாட்டீங்க."

"போனேன்மா. பதினோரு மணி இருக்கும். நல்ல மழை. நம்பர்கூடச் சொல்றேனே."

"கம்ப்யூட்டர் எதுக்குப் பெரியப்பா பொய் சொல்லப்போகுது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மேசையைச் சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவருக்காகப் புதிதாக ஒரு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள். வரிசையின் கடைசி இடம் கிடைத்தது. பெரிய உபகாரம் செய்த நினைப்பில் வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. போகாத இடத்துக்குப் போனேன் என்று மழையோடு சேர்த்துச் சொல்கிற மனுஷனை எப்படி நம்புவது? பெரியம்மா வாசல் சாவியை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மகன் ஞாபக மறதி டாக்டரிடம் கூட்டிப் போனான். அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. கொஞ்ச நாள் வாதாடிப் பார்த்துவிட்டு அவரும் ஓய்ந்துவிட்டார். யாராவது பழைய நம்பர் கேட்டால், "எனக்கு ஞாபகம் இல்லப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

பத்து மாதம் போயிற்று. மருத்துவமனை ஒரு அறிக்கை கேட்டது: உறுதி கேட்டு இதுவரை எத்தனை மெசேஜ் போயிருக்கிறது? அவள் எண்ணிப் பார்த்தாள். பூஜ்யம் என்று வந்தது. அறிக்கைதான் தப்பு என்று நினைத்து மறுபடி ஓட்டினாள். மறுபடியும் பூஜ்யம்.

ஒரு வருடம் முடிந்தவர்களுக்குத்தான் மெசேஜ் போக வேண்டும். ஆனால் வருடம் முடிந்த கணமே அவளுடைய ஐந்து வரி அவர்களை மறைத்துவிடும். மெசேஜ் அனுப்பும் நிரலும் அதே மாடலிடம்தான் போய்க் கேட்கும். அதுவும் கூசாமல் 'அப்படி யாரும் இல்லை' என்று சொல்லும். கவுன்ட்டருக்கு அடிக்கடி நேரில் வந்து போனவர்கள் பிழைத்தார்கள். நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் காணாமல் போனார்கள். வடிகட்டியை விலக்கி நேராகப் பார்த்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். அகரவரிசையில் பாதிக்கு மேலே திரையை உருட்டியபோது பெரியப்பா இருந்தார். காலை பதினொன்று நாற்பது. மழைக்காலத்துத் தேதி.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். சொல்லவே வெட்கமாக இருந்தது.

"திருத்திப் போட்டுடு. 'சிஸ்டம் அப்டேட்'னு ஒரு வரி எழுதிக்கலாம். வெளிய மூச்சு விடாத," என்றார் மேனேஜர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் அவளுக்கு அது இனித்தது என்பதை மறைப்பானேன்? எல்லாரையும் பழைய தேதிப்படி வரிசையில் திருப்பி வைத்தாள். பெரியப்பா ஆறாவது இடத்துக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய், "பெரியப்பா, பழைய விண்ணப்பம் ஒண்ணு கிடைச்சிருக்காம். உங்க முறை சீக்கிரமே வந்துடும்" என்றாள். எங்கிருந்து கிடைத்தது, யார் தொலைத்தது என்று ஒரு பேச்சும் இல்லை.

பெரியம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். "எல்லாம் உன்னாலதாண்டி. நீ மட்டும் அங்க இல்லைன்னா யாரு பாத்துருப்பா?"

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு அவள் சும்மா நின்றாள். அதைவிடக் கேவலமாக அவள் வாழ்க்கையில் எதுவும் செய்ததில்லை.

பெரியப்பா மட்டும் மறுத்துத் தலையாட்டினார். "அது வேற யாரோடதாவது இருக்கும்மா. நான்தான் போடலையே. நீயே அன்னைக்கு அதுல பாத்துச் சொன்ன. இன்னொருத்தர் இடத்துல நான் போய் உட்காரக் கூடாது. அவங்களுக்கும் கண்ணு தெரியணும்ல?"

மகன் சொன்னான், பெரியம்மா சொன்னாள். அவர் அசையவில்லை. இப்போது அவர் நம்புவது அவளை மட்டும்தான். அதுவும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே பேசியவளை.

"நீங்க போட்டீங்க பெரியப்பா," என்றாள். "நான் எழுதினதுதான் உங்களை மறைச்சிடுச்சு. மழையில போனீங்க. பதினொன்னு நாப்பதுக்கு. எல்லாம் நெஜம். தப்பு என்னோடது."

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்றியா?"

அச்சடித்துக் கொண்டுவந்த காகிதத்தை நீட்டினாள். அவர் கண்ணுக்கு அது வெள்ளைத்தாள். அதனால் அவளே படித்தாள். "விண்ணப்ப எண். நாலு, பூஜ்யம்..."

"ஏழு," என்றார் பெரியப்பா. கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணு. ஒம்போது."

பெரியம்மா கைப்பையைத் துழாவி, வாசல் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

"கோவம் இல்லம்மா. ஆனா அன்னைக்கு என்னை ஒரு தடவை நம்பிப் பாத்திருக்கலாம் நீ." பிறகு கேட்டார்: "நான் மட்டுந்தானா?"

"முன்னூத்துப் பன்னெண்டு பேர்."

"எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்னியா?"

"மெசேஜ் போயிடும் பெரியப்பா. முறை வரும்போது..."

"முறை இருக்கட்டும். அவங்க வீட்லயும் யாராவது சிரிச்சிருப்பாங்கல்ல?"

மறுநாள் காலை மேனேஜர் முறைக்க முறைக்க, திறக்காத ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் நம்பரை அழுத்தினாள். வயதான ஒரு பெண் எடுத்தாள். இவள் ஒப்பித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "நீங்க கண் ஆஸ்பத்திரில விண்ணப்பம் போட்டது உண்மைதாங்க. நாங்கதான் தப்பா இல்லைன்னு சொல்லிட்டோம். நான்தான்."

"கொஞ்சம் இருங்க," என்றது அந்தக் குரல். "என் மருமகளைக் கூப்பிடறேன். இதையே அவகிட்டயும் ஒரு தடவை சொல்லுங்க."