டி.வி.யைப் பார்த்துச் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் ஒரு சிரிப்பு நாடகம் ஓடும். அதில் ஒரு மாமியார். மகள் வீட்டுக்குப் பெட்டியோடு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. மருமகன் ஆசையாக வாங்கிய சட்டையைக் கடைக்குத் திருப்பி அனுப்புவார். அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் இருந்து அவனை எழுப்பி விடுவார். அவன் ஒன்று சொல்வான், அந்தம்மா ஒன்று சொல்வார், கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் கூட்டமாகச் சிரிப்பார்கள். என் மனைவியும் அவளுடைய அம்மாவும் சேர்ந்து சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

ஒரு தடவை மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். "அந்தாளு ஏன் சும்மா இருக்கான்? பஸ்சு ஏத்தி விட்டுற வேண்டியதுதான?"

"ஏத்தி விட்டுட்டா அடுத்த வாரம் நாடகம் எதை வச்சு ஓடும்?" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். நாடகத்தில் பொறுத்துக்கொள்வது அவர்களுக்கு வேலை. அரை மணி நேரத்தில் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதோடு அந்த மருமகனுக்கு எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல இடம் இருக்கிறது. எத்தனை அவமானப்பட்டாலும் கடைசியில் ஒரு சுடுசொல் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறான். எனக்கு அந்த இடமே கிடையாது.

எங்கள் சனத்தில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. இப்போது கல்யாணம் ஆகிறவர்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. என் மாமியார் விடவில்லை. பத்தொன்பது வருடத்தில் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காத ஆள். அதனால் கல்யாணமான புதிதில் இது எனக்கு வசதியாகக்கூட இருந்தது.

பிறகு அவர் மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்கப் பத்து நாள் இருந்துவிட்டுப் போவதாகப் போடியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பதினோரு வருடம் ஆகிவிட்டது. அவருடைய மகன் கம்பம் ஊரில் இருக்கிறான், ஆனாலும் இவர் எங்களோடுதான் இருக்கிறார். அப்போதுதான் அந்தப் பழக்கத்தின் இன்னொரு பக்கம் எனக்குத் தெரிந்தது. என்னோடு பேசக் கூடாதே தவிர, என்னைப் பற்றிப் பேசலாம். மிக்சியிடம் பேசுவார், காலண்டரிடம் பேசுவார், வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டு ஆட்டிடம் பேசுவார்.

"ஏ மிக்சி, ஏலக்கா வாடையோட ஒரு ஆளு மெத்தையில உக்காந்தா மெத்தை என்னத்துக்கு ஆகும்?"

"ஏ ஆடு, வாரத்துக்கு ஒருநா வர்றவக தலைய வெட்டிட்டு வந்தா என்ன? நீயாச்சும் பாக்க லட்சணமா இருக்க."

ஆட்டிடம் சொன்னதற்கு நான் எப்படிப் பதில் சொல்வது? எழுந்து கொல்லைப்பக்கம் போவேன். இல்லையென்றால் சந்தைக்குப் போகிறேன் என்று பையை எடுப்பேன். பதினோரு வருடமாக நான் வாங்கிய காய்கறி எதுவும் நன்றாக இருந்ததில்லை.

எனக்கு வேலை போடிமெட்டைத் தாண்டி ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில். பறித்து வரும் பச்சைக்காயை ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் விறகுச் சூட்டில் காய வைக்க வேண்டும். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும், குறைந்தால் காய் வேர்த்துவிடும். அதனால் தீயை விட்டு நகர முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் இறங்கி, திங்கட்கிழமை காலையில் மறுபடி ஏறிவிடுவேன். மகள் நர்ஸ் படிப்புக்காக விடுதியில் இருக்கிறாள். வீட்டில் ஒரே அறை. ராத்திரியில் கால் இழுத்துக்கொள்கிறது, தேய்த்து விட ஆள் வேண்டும் என்று அத்தை என் மனைவியைக் கூட வைத்துக்கொண்டு அந்த அறையில் படுத்துக்கொள்வார். எனக்கு முன்பக்கம், டி.வி.க்குக் கீழே பாய். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தும் மனைவியோடு தனியாகப் பத்து நிமிடம் பேச முடியாது. போனில் பேசினாலும் ஸ்பீக்கரில்தான் போடுவாள். போடாவிட்டால் என்ன ரகசியம் என்று காலண்டருக்குக் கேள்வி போகும்.

போன மாதம் எஸ்டேட்டில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தின் கடைசி வீடு காலியானது. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, வீட்டுக்காரியும் வந்தா அந்த வீடு ஒங்களுக்கு. அவங்களுக்குக் காய் பொறுக்குற எடத்துல வேல போட்டுத் தரலாம். ஒத்த ஆளுன்னா ஷெட்டுதான். தேவாரத்துல இருந்து ஒரு புருசன் பொண்டாட்டி கேட்டுக்கிட்டிருக்காங்க. திங்கக்கிழமை சொல்லிரணும்."

அந்த வாரம் முழுக்கத் தீக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். "நாங்க ரெண்டு பேரு மட்டும் போறோம், நீங்க மகன் வீட்டுல இருங்க." சொல்லச் சொல்லச் சுலபமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது. அவள் நகர்த்தவில்லை.

"எனக்கும் வரணும்னுதாங்க இருக்கு. எத்தன வருசம் இப்படியே கெடக்குறது?" என்றாள். "ஆனா ஆத்தாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா அழுதே என்னக் கொன்னுரும்."

"நான் எப்படிச் சொல்றது? நான்தான் பேசுறதே இல்லையே."

"இந்த ஒரு தடவை பேசுங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

மறுநாள் நாடகம் தொடங்கியது. அத்தை கட்டிலில், மனைவி தரையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டு, நான் வாசற்படிக்குப் பக்கத்தில். தொண்டையைச் செருமினேன். அத்தையின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவது என்று வைராக்கியமாக இருந்தேன். ஆனால் என் கண் தானாக டி.வி.க்குப் போய்விட்டது.

"மேல எஸ்டேட்டுல வீடு தர்றாங்க. புருசன் பொண்டாட்டியா வந்தாத்தான் தருவாங்களாம். நாளைக்குச் சொல்லணும்" என்று டி.வி.யிடம் சொன்னேன்.

டி.வி.க்குள் இருந்த ஆட்கள் எதற்கோ சிரித்தார்கள்.

அத்தை சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். அவரும் டி.வி.யைப் பார்த்தார். "ஏ டி.வி., இத நேத்தே சொன்னா வாயில இருந்து முத்தா கொட்டிரும்?"

"கம்பத்துல மகன் இருக்காரு. மூட்டுக்கு அங்க நல்ல டாக்டர் இருக்காங்களாம்" என்றேன். டி.வி.யில் அந்த மருமகன் தரையில் வழுக்கி விழுந்தான். மறுபடியும் சிரிப்பு.

அது அடங்கும்வரை அத்தை காத்திருந்தார். "மகன் வீட்டுல நான் ஒண்ணு சொன்னா மருமக ரெண்டு சொல்லுறா. போன பொங்கலுக்குப் போயி மூணே நாள்ல ஓடியாந்தது ஊருக்கே தெரியும். இந்த வீட்டுலதான் இத்தன வருசமா எதுத்து ஒரு சொல்லு நான் கேட்டதில்ல. அந்தத் தங்கமான கொணத்துக்குத்தான நான் இங்கன கெடக்கேன். இல்லைன்னா எனக்கென்ன போக்கிடமா இல்ல?"

பத்தொன்பது வருடத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரை யாரும் இங்கே பிடித்து வைக்கவில்லை. நான் எழுந்து எழுந்து கொல்லைப்பக்கம் போனதுதான் பிடித்து வைத்திருக்கிறது. பதில் வருகிற வீட்டில் மூன்று நாள் தாங்காதவர், பதில் வராத வீட்டில் பதினோரு வருடம் இருந்திருக்கிறார்.

"ஏத்தா, மேல குளுருமா?" என்று மகளைக் கேட்டார்.

"குளுரும்மா" என்றாள் என் மனைவி.

"அப்ப அந்த ரெண்டு கம்பளியையும் எடுத்து வெயில்ல போடு. நீங்க ரெண்டு பேரு மட்டும் அந்தக் காட்டுக்குள்ள போயி என்ன பண்ணுவீக?"

மனைவி என்னைப் பார்த்தாள். கத்தி அவரைக்காயின் மேல் அப்படியே நின்றது. ஒரு வாரம் சொல்லிப் பார்த்த வாக்கியம் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் எதிர்த்துப் பேசாதவன் என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயரை உடனே எப்படி உடைப்பது?

"மேல கரண்டு அடிக்கடி போகும்" என்றேன்.

நான் எதிர்த்துப் பேசியது அவ்வளவுதான்.

"போனா போகட்டும்" என்று அத்தை டி.வி.யிடம் சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

கம்பளியை உலர்த்தப் போன மனைவியின் பின்னால் நானும் போனேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "கரண்டு போகுமாம். இதுக்குத்தானா அந்தச் செருமு செருமுனீங்க?"

"நீ சொல்லியிருக்கலாமில்ல?"

"பெத்தவள எப்படிங்க வராதன்னு சொல்றது?"

"எனக்கு மட்டும் சொல்ல வருமா?"

அவள் கம்பளியைக் கொடியில் போட்டு ஓங்கி அடித்தாள். தூசி என் மேல்தான் வந்தது.

திங்கட்கிழமை ஜீப்பில் வளைவுக்கு வளைவு யோசித்தேன். வீடே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் மறுபடி சனிக்கிழமை, மறுபடி டி.வி.க்குக் கீழே பாய். வேண்டும் என்று சொன்னால் தினமும் மனைவி, தினமும் அத்தை. நான் கேட்டது இந்தக் கணக்கை அல்ல.

"என்னண்ணே, வீட்டுக்காரி வருமோ?" என்றார் சூப்பர்வைசர்.

"வர்றா" என்றேன். அவர் சாவியைக் கையில் கொடுத்தார். இன்னொரு ஆளும் வருகிறார் என்பதை அவரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் வீட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மனைவிதான். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. சாவி வாங்கியாச்சா, ஓடு ஒழுகுமா, தண்ணி எங்கே எடுப்பது என்று கேட்டாள். வருவதற்கு அவளுக்கு ஆசை இருந்தது குரலில் தெரிந்தது. எனக்கும் மனசு கொஞ்சம் லேசானது.

"ஏங்க, வாசல் எந்தப் பக்கம்?"

"கெழக்க" என்றேன்.

அவளுக்குப் பின்னால் இருந்து குரல் கேட்டது. "கெழக்கன்னா எங் கட்டில தெக்குச் செவத்தோரமா போடச் சொல்லுத்தா. அப்பத்தான் வர்றவக போறவகளப் பாக்கலாம்."

அந்த வீட்டில் இருந்தது ஒரு சமையல்கட்டும் ஒரு அறையும். தெற்குச் சுவரோரம்தான் மழை ஒழுகாத இடம். எங்கள் இரண்டு பேருக்கும் பாய் போடலாம் என்று சற்று முன்னால்தான் அங்கே கூட்டிப் பெருக்கி வைத்திருந்தேன்.

"சரின்னு சொல்லு" என்றேன்.