வெடி லாம்பர்ட்டின் ரகசியக் கூட்டாளி

லாம்பர்ட் கோசாக்கைப் பற்றி நாடு முழுக்கத் தெரிந்தது தப்பு. எங்களுக்குத் தெரிந்ததுதான் சரி. நான் மேவிஸ். விஸ்கான்சினின் வடகோடியில், ஒரே தெருவும் இரண்டு சர்ச்சும் உள்ள ஊரில் நாற்பது வருஷமாக பார் நடத்துகிறேன். லாம்பர்ட்டும் நானும் ஒரே வகுப்பு. பரீட்சையில் அவன் என்னைப் பார்த்து எழுதுவான், நான் அவனைப் பார்த்து எழுதுவேன். இரண்டு பேரும் எப்படித் தேறினோம் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அப்பாவின் பால் பண்ணை கைவிட்டுப் போனதும் லாம்பர்ட் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனான். முப்பத்தொரு வருஷம் ஓட்டினான். பனி எவ்வளவு கொட்டினாலும் ஏழு மணிக்கு மேட்டுத் தெரு முனையில் மஞ்சள் பஸ் நிற்கும். மனைவி ஆர்லீன் செத்த மறு வாரமே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டான். "இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இரேன்யா" என்று நான்தான் சொன்னேன்.

"வீட்ல யாரு பேசுறா மேவிஸ்? பஸ்ல நாப்பது வாய் இருக்கு" என்றான். அந்த பஸ்ஸைப் பிடுங்கினால் இவன் ஆறு மாசம் தாங்க மாட்டான் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

'வெடி' என்ற பட்டம் அதற்கெல்லாம் முன்னால் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் ஓடையில் பீவர்கள் மரத்தைக் கடித்துக் கடித்துப் பெரிய அணையாகக் கட்டிவிட்டன. வயலெல்லாம் தண்ணீர். இருபத்திரண்டு வயது லாம்பர்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை அணைக்கு வெடி வைத்தான். மருந்தை ஒரு கை கூடுதலாகவே வைத்துவிட்டான் போல. அணை போயிற்று. சேறு மட்டும் மேலே போய், சர்ச்சிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த வனக் காவலர் தலையில் இறங்கியது. பீவர் குடும்பம் அதற்கு முன்பே நீந்திப் போய்விட்டது, அதுகளுக்கு இவனைவிட மூளை. உரிமம் இல்லாமல் வெடி வைத்ததாக வழக்கு, அபராதம். அதோடு முடிந்தது. நாங்கள் நாற்பத்தேழு வருஷம் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

போன செப்டம்பரில் ஜனாதிபதி தேர்தல் பிரச்சாரத்துக்கு செனட்டர் டெட்மர் என்கிற அம்மாள் எங்கள் ஊருக்கு வந்தார். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் நேரம், என் பார் பிதுங்கியது. அந்த அம்மாள் மீனைப் பாதி வைத்துவிட்டு எழுந்ததில் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் நேராக எங்கள் சீட்டு மேசைக்கு வந்து, "ஷீப்ஸ்ஹெட்டா? எனக்கும் ஒரு கை போடுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் பாருங்கள், அதற்காகப் பாதி மன்னித்தேன்.

ஷீப்ஸ்ஹெட் தெரியாதவன் எங்கள் ஊரில் பெண் எடுக்க முடியாது. ஐந்து பேர் ஆட்டம். ஒருவன் துணிந்து நடுவில் கிடக்கும் இரண்டு சீட்டை எடுப்பான், பதிலுக்குத் தன் கையிலிருந்து இரண்டைக் கவிழ்த்து வைப்பான். அதற்குப் 'புதைப்பது' என்று பேர். டைமன் ஜாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர் அவனுக்குக் கூட்டாளி. அந்தச் சீட்டு மேசையில் விழும்வரை அது யார் என்று எடுத்தவனுக்கே தெரியாது. அன்று எடுத்தவன் லாம்பர்ட். பிளம்பர் டுவேன், கறிக்கடை ஸ்டான், நான், மூன்று பேரும் அவனை ஓட ஓட விரட்டினோம். கடைசிச் சுற்றில் செனட்டர் டைமன் ஜாக்கியை மேசையில் ஓங்கி அறைந்தார். இரண்டு பேருமாக மொத்தத்தையும் அள்ளிவிட்டார்கள். லாம்பர்ட் வாழ்க்கையில் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவனில்லை. அன்றைக்கு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கின குலுக்கலில் வளையல் கழன்று விழுந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு பத்திரிகைக்காரன் வந்தான். கிழக்குப் பக்கத்துப் பையன், மெல்லிய ஷூ. நாங்கள் 'வெடி, வெடி' என்று கூப்பிடுவதைக் கேட்டதும் காதை விடைத்துக்கொண்டான்.

"செனட்டருக்கும் உங்களுக்கும் என்ன சார் பழக்கம்?"

"ஒரே ஒரு நாள்தான் தம்பி. ஆனா அப்படி ஒரு கூட்டாளி கெடைக்கணுமே!"

"கூட்டாளியா?"

"ரகசியக் கூட்டாளி. கடைசிவரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்கே தெரியாதுன்னா பாத்துக்க. நான் ரெண்டு புதைச்சேன், அந்தம்மா மூஞ்சில ஒரு சலனம் இல்ல. நம்ம கதை முடிஞ்சுதுன்னு அவனுங்க நெனச்சப்போ போட்டாங்க பாரு ஒரே போடு! அத்தனை பேரும் காலி."

நான் பிராந்தி ஊற்றிக்கொண்டிருந்தேன். சீட்டு என்று ஒரு வார்த்தை லாம்பர்ட்டும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் அப்படிப் பேசினால் வேறு எதை நினைப்பார்கள்? பையன் நேராக மாவட்டக் கோர்ட்டுக்குப் போய்ப் பழைய காகிதங்களைப் புரட்டியிருக்கிறான்.

அடுத்த வாரம் எதிர்க்கட்சி விளம்பரம் டிவியில் வந்தது. கருப்பு வெள்ளைப் படம், பின்னால் தம் தம் என்று மேளம். லாம்பர்ட்டின் லைசென்ஸ் படத்தைப் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தில் அவனைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். "வெடிமருந்து வழக்குக் குற்றவாளி. செனட்டர் டெட்மர் இவருடைய ரகசியக் கூட்டாளி. இவர்கள் புதைத்தது என்ன?" என்று ஒரு குரல் கேட்டது.

"கிளாவர் பத்தும் ஹார்ட்டின் ஆஸும்டா, மடப்பயலே!" என்று டுவேன் டிவியைப் பார்த்துக் கத்தினான். பாரே குலுங்கிச் சிரித்தது. லாம்பர்ட்டும் சிரித்தான்.

மறுநாள் செனட்டர் தரப்பு அறிக்கை வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. அந்த நபரைச் செனட்டருக்குத் தெரியாதாம். எந்தக் காலத்திலும், எந்த வகையிலும் அவருக்குக் கூட்டாளியாக இருந்ததில்லையாம். லாம்பர்ட் அந்தப் பேப்பரை இரண்டு தரம் படித்தான்.

"டைமன் ஜாக்கி அவங்க கையிலதானே இருந்துச்சு மேவிஸ்?"

"அவங்க கையிலதான்யா."

"அப்புறம் ஏன் இப்படிச் சொல்றாங்க?"

எனக்கு அந்த அம்மாள் மேல் வந்த ஆத்திரத்தில் ஒரு கிளாஸ் உடைந்தது.

அதற்குப் பிறகுதான் வினை ஆரம்பித்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, "குண்டு வைக்கிறவனைப் பிள்ளைகள் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறீர்களே" என்று திட்டினார்கள். நிர்வாக அதிகாரி பெல்லமி ஊருக்குப் புதுசு. பயந்துபோய் பஸ் சாவியை வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூட வாரியத் தலைவி வெர்னா லிண்ட்க்விஸ்ட், "எனக்குச் சட்டம்தான் முக்கியம், ஆள் முக்கியமில்ல" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வாரியம் கூடி ஓட்டெடுத்து முடிவு செய்யும் என்றார்கள். அந்த ஒன்பது நாளும் லாம்பர்ட் காலை ஏழு மணிக்கு மேட்டுத் தெரு முனையில் சும்மா போய் நின்றான். வேறு ஆள் ஓட்டி வந்த பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் கையாட்டின. இவன் ஆட்டவில்லை, கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றான். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

கூட்டம் பள்ளிக்கூடச் சாப்பாட்டு ஹாலில் நடந்தது. டிவி கேமராவும் வந்திருந்தது. பெல்லமி ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தார். செனட்டரை எனக்குத் தெரியாது, கூட்டாளி என்று சொன்னது பொய், இவ்வளவுதான் அதில். கையெழுத்துப் போட்டால் சாவி திரும்பக் கிடைக்கும், ஓட்டெடுப்பே வேண்டாம்.

"போட்டுத் தொலையேன்யா" என்று காதில் சொன்னேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கெஞ்சினேன்.

"நான் சொன்னது நெசம் மேவிஸ். இதுல கையெழுத்துப் போட்டாத்தான் பொய்யன் ஆவேன்." கடிதத்தை மடித்துப் பெல்லமியிடமே கொடுத்துவிட்டான்.

பெல்லமிக்கு முகம் சிவந்துவிட்டது. கேமரா பக்கம் திரும்பி, விதிப் புத்தகத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். "சம்பந்தப்பட்ட நபரோடு தொடர்பு உள்ள உறுப்பினர் ஓட்டளிக்கக் கூடாது. நாடே பார்த்துட்டிருக்கு. தொடர்பு இருக்கிறவங்க தயவுசெய்து எந்திரிச்சு அந்தச் சுவரோரம் உக்காருங்க."

பாவம், அந்த மனுஷன் எங்கள் ஊரில் வந்து இதைக் கேட்டிருக்க வேண்டாம்.

ஐந்து உறுப்பினர்களில் ஹார்லன் முதலில் எழுந்தான். "ஆர்லீன் என் அக்கா. இவன் என் மச்சான்."

டுவேன் எழுந்தான். "அன்னிக்கு மேசையில நானும் இருந்தேன். தோத்தது நாந்தான்."

கானி எழுந்தாள். "ஸ்கூல்ல கடைசி டான்ஸுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனான். என் கால் கட்டை விரல் இன்னும் கோணலாத்தான் இருக்கு. பாக்கணுமா?" வேண்டாம் என்றார் பெல்லமி.

அடுத்தது பாதிரியார் ராய், முப்பத்தைந்து வயதுக்காரர். "ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்போ பஸ்ல டவுசரை நனைச்சுட்டேன். இவர் தன்னோட காப்பியை என் மேல ஊத்திட்டு, 'ஐயோ தம்பி, என் கை தவறிடுச்சு'ன்னு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டார். இருபத்தொம்பது வருஷமா நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இவரும் சொன்னதில்ல." அவரும் எழுந்து போனார்.

மிச்சம் வெர்னா ஒருத்திதான். பெல்லமி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அப்போ மேடம், உங்க ஒரு ஓட்டுதான் முடிவு" என்றார். போச்சு, சட்டம் பேசுகிறவள் கையில் மாட்டினான் என்று நினைத்தேன். வெர்னா தன் எதிரே இருந்த மரச் சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"அந்த அணை முழுகடிச்சது எங்க வயலை. அப்போ எனக்குப் பத்து வயசு. லாம்பர்ட்டைக் கூப்பிட்டது எங்கப்பா. வெடி மருந்து வாங்கிக் குடுத்ததும் எங்கப்பா. கோர்ட்ல இவர் எங்கப்பா பேரைச் சொல்லவே இல்ல." சுத்தியலைத் தள்ளி வைத்தாள். "எனக்கு இது தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் இத்தனை நாளாச் சட்டம் பேசிட்டிருந்தேன்."

அவளும் எழுந்து வந்து சுவரோரம் மற்ற நான்கு பேரோடு உட்கார்ந்தாள். மேசையில் ஐந்து நாற்காலியும் காலி. பெல்லமி புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். ஓட்டுப் போட ஆளே இல்லாவிட்டால் என்ன செய்வதென்று அதில் ஒரு வரியும் இல்லை. கடைசியில் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

லாம்பர்ட் அதை எடுக்கவில்லை. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, சுவரோரம் இருந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"அப்போ, எனக்கு எதிரா ஓட்டுப் போட இந்த ஊர்ல ஒரு ஆள்கூடவா இல்ல?"

வெர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல லாம்பர்ட். வெளியூர்லேருந்துதான் ஆள் புடிக்கணும்."