கருவாட்டுக் கிடங்கில் மூன்று நாள் விடுமுறை

என் மாமியாருக்கு மூச்சிழுப்பு உண்டு. மாமனார் புகையிலை மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை. அவர் சட்டையை உதறினாலே எனக்குத் தும்மல் வரும். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சட்டைகளைத் துவைத்தவருக்கு நெஞ்சு எப்படித் தாங்கும்? ஒரு பங்குனி மாதம் இழுப்பு முற்றிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். "ரெண்டு மூணு நாள் கடற்கரைப் பக்கம் எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க. கடல் காத்து பட்டா நல்லது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் கடல் என்ற பேச்சு வந்தது அப்போதுதான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அகரத்தில் பூந்தோட்டத்துக்கும் கிணற்றுக்குமாக ஓடித் திரிந்தவள் நாகல் நகரில் ஒரு சந்து வீட்டுக்கு வந்திருந்தேன். காலையில் மாமனாரும் என் வீட்டுக்காரரும் வேலைக்குக் கிளம்பியதும், மாமனார் வாசல் கதவை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். பின்கட்டில் தண்ணீர் உண்டு, முற்றத்தில் வெயில் உண்டு. "பொம்பளைக தனியா இருக்கீக, காலம் கெட்டுக் கெடக்கு" என்பார். யாராவது வந்து தட்டினால் உள்ளிருந்தே, "சாயந்தரம் வாங்க" என்று குரல் கொடுப்போம். மாமியார் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னிடம் அவர் பேசுவதே குறைவு. உப்பு, புளி, இன்றைக்கு என்ன வெஞ்சனம், அதோடு சரி.

என் வீட்டுக்காரர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. அவரோடு வேலை பார்த்த ஒருவர்தான் அந்த இடத்தைச் சொன்னார். ராமநாதபுரம் தாண்டிக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே குடும்பத்தோடு தங்குவதற்குக் 'கேபின்' இருக்கிறது, வாடகை ரொம்பக் குறைவு. இரண்டாம் சனி, ஞாயிறோடு இன்னொரு நாளும் லீவாகச் சேர்ந்து வந்தது. தகரப் பெட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி பருப்பு, ஒரு கட்டுச் சோற்று மூட்டை என்று நாங்கள் நான்கு பேரும் ரயிலேறினோம். ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு யாராவது காற்று வாங்கப் போவார்களா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

கேபின் என்றதும் நான் என்னவெல்லாமோ நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் பழைய கருவாட்டுக் கிடங்கு. நீளமான ஓட்டுக் கட்டடத்துக்குள் குறுக்குச் சுவர்கள் எழுப்பி அறைகளாக்கி, சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சுண்ணாம்பையும் மீறிக்கொண்டு கருவாட்டு வாடை வந்தது. ஒரு கதவு. எதிர்ச் சுவரில், எட்டாத உயரத்தில், கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னலும் கடலைப் பார்த்து இல்லை, உடைமுள் காட்டைப் பார்த்து இருந்தது. அலைச் சத்தம் காதுக்குள் கேட்கிறது. அண்ணாந்து பார்த்தால் முள் நுனியும் பனை உச்சியும்தான்.

வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. "மாமா, செத்த நேரம் கடலப் பாத்துட்டு வந்துருவோமா?" என்று கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"கடல் எங்கயும் ஓடிப் போயிராது. மொதல்ல ஒலை வைக்கிற வழியப் பாருங்க" என்றார்.

உலை வைத்தோம். ஸ்டவ் புகை வெளியேற வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றியது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். காற்று வாங்க வந்த இடத்தில் முதலில் வாங்கியது மண்ணெண்ணெய்ப் புகை.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டு முடித்ததும், பக்கத்து அறைகளில் தங்கியிருந்த குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு கரைக்குக் கிளம்பிப் போயின. கொஞ்ச நேரத்தில் எங்கள் வரிசையே வெறிச்சோடிவிட்டது. மாமனார் வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

"ஏலே, படகுல பக்கத்துத் தீவு வரைக்கும் கூட்டிட்டுப் போறாகளாம். வா, ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்" என்றார் மகனிடம்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அம்மாவும் இவளும்..." என்று இழுத்தார்.

"அவுகளுக்குப் படகெல்லாம் ஒத்துக்கிடாது. சோத்தப் பொங்கி வைக்கட்டும், வந்து எல்லாருமாச் சேந்து கரைக்குப் போவோம்."

உள்தாழ்ப்பாள் உடைந்திருந்தது. மாமனார் அதை ஆட்டிப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து, வீட்டு வாசலில் போடுகிற அதே பூட்டை எடுத்தார். ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். "புது எடம். கண்ட பயலுக நடமாடுறான்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். கதவு சாத்தியது. நாதாங்கி விழுந்தது. பூட்டு நறுக்கென்று கடித்த சத்தம். எங்கள் ஊரே பூட்டுக்குப் பேர்போனது, அதன் உறுதியைச் சொல்ல வேண்டியதில்லை. இழுத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சோறு பொங்கி இறக்கினோம். வரவில்லை. பருப்பு கொதித்து ஆறியது. வரவில்லை. ஓடு சூடேறத் தொடங்கியது. சுவரிலிருந்து வாடை கிளம்பி முகத்தில் அடித்தது. குடத்துத் தண்ணீர் சமையலுக்கே சரியாகப் போயிருந்தது. கிணறு வெளியே, கூப்பிடு தூரத்தில். அடிக்குடத்தில் இருந்ததை ஒரு டம்ளரில் சாய்த்து மாமியாரிடம் நீட்டினேன். பாதியைக் குடித்துவிட்டு, "நீ குடி" என்று மீதியைத் திருப்பிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை, மூடி வைத்தேன்.

உச்சி வெயிலுக்குப் பிறகு அவருக்கு இழுப்பு கண்டுவிட்டது. முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் தோள் இரண்டும் தூக்கித் தூக்கி விழத் தொடங்கின. முதுகைத் தடவினேன், விசிறினேன். அவர் என் கையை விலக்கிவிட்டுத் தவழ்ந்து கதவருகே போனார். கதவுக்கடியில் விரல் அகலத்துக்கு ஒரு சந்து. அதன் வழியாகத்தான் கடல் காற்று கொஞ்சம் வந்தது. தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, அந்தச் சந்தில் வாயை வைத்து மூச்சு இழுத்தார். டாக்டர் சொன்ன கடல் காற்று.

நான் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். "யாராச்சும் இருக்கீகளா?" என்று கத்தினேன். அலைச் சத்தத்தில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தட்டாத புள்ள" என்றார் மாமியார், தரையில் கிடந்தபடியே. "தட்டுனா தெறக்காது. எனக்குத் தெரியும்."

"எப்பிடி அத்தை தெரியும்?"

விட்டு விட்டுச் சொன்னார். இடையிடையே சந்தில் வாய் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

"கல்யாணமான புதுசு. நத்தத்துல எங்க ஆத்தா சீக்கா கெடக்குன்னு ஆள் வந்து சொன்னாக. இவரு கிட்டங்கிக்குப் போயிருந்தாரு. நான் பாட்டுக்கு வண்டியேறிப் போயிட்டேன். மறாநா வந்து கூட்டிட்டு வந்தாரு. ஓடிப் போயிட்டேன்னு சொன்னாரு. நான் ஓடிப் போகல. ஆத்தாளப் பாக்கப் போனேன். அன்னிக்கிப் போட்டதுதேன் பூட்டு. மொத நாளு நானும் ஒன்னய மாதிரித்தேன் தட்டுனேன்."

"அப்புறம் ஆத்தாளப் பாத்தீகளா அத்தை?"

"எழவுத் தீட்டுக்குத்தேன் போனேன்."

அவ்வளவு நாளும் அது திருடனுக்குப் பயந்து போட்ட பூட்டு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.   இன்னும் இருபது முப்பது வருஷம் கழித்து நானும் இப்படி ஒரு கதவுக்கடியில் வாயை வைத்துக்கொண்டு என் மருமகளிடம், தட்டாதே என்று சொல்வேனோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

தகரப் பெட்டியை ஜன்னலுக்கடியில் இழுத்துப் போட்டு, அதன்மேல் அரிசிப் பானையைக் கவிழ்த்து ஏறி நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு முள் காட்டைப் பார்த்துக் கத்தினேன். தொண்டை வறண்டு குரல் போகிற சமயத்தில் முள்ளுக்கு நடுவே ஒரு தலை தெரிந்தது. விறகு பொறுக்க வந்த மீன்காரப் பெண் ஒருத்தி.

"யாரு உள்ளாக்க? எதுக்குக் கத்துற?"

"வெளிய பூட்டிருக்கு அக்கா. எங்க அத்தைக்கி மூச்சு இழுக்குது. தண்ணி இல்ல."

"பூட்டுனது யாரு?"

"மாமா. படகுல போயிருக்காக."

அவள் விறகைப் போட்டுவிட்டுச் சுற்றி ஓடிவந்தாள். பூட்டைப் பிடித்து ஆட்டும் சத்தம் கேட்டது. "இது ஆனை வந்தாலும் அசையாதே" என்றாள். "தீவுக்குப் போன படகா? காத்து மாறிப்போச்சுத்தா. பொழுது எறங்கித்தேன் திரும்பும்." பிறகு அவள் ஓடும் காலடிச் சத்தம். திரும்பி வந்தபோது அவளோடு இரண்டு ஆண்கள் இருந்தார்கள். கடப்பாரை மண்ணில் ஊன்றும் சத்தம் கேட்டது.

"ஏத்தா, பூட்ட ஒடைக்க ஏலாது. கதவத்தேன் கழட்டணும். கழட்டவா? அப்பறம் ஒங்க மாமா வந்து சண்டைக்கி நிக்கக் கூடாது" என்றார் அவர்களில் ஒருவர்.

நான் மாமியாரைப் பார்த்தேன். கண் சொருகிக்கொண்டு வந்தது அவருக்கு. "கழட்டுங்க" என்றேன். அவரைப் பின்பக்கமாக இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன்.

கதவு சுழலும் அடிக்குடுமியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். மரம் முனகியது. மேலே சுண்ணாம்பு உதிர்ந்தது. சட்டென்று குடுமிப் பக்கம் விடுபட்டு, பூட்டுப் பக்கம் அப்படியே தொங்க, கதவு கோணலாக விலகியது. வெளிச்சமும் காற்றும் ஒன்றாக உள்ளே விழுந்தன. அதற்கு அப்பால், உள்ளே அடைந்து கிடந்தபோது நான் நினைத்ததைவிடக் கிட்டத்தில், கடல்.

மீன்காரப் பெண்ணும் நானும் மாமியாரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் மணலில் உட்கார வைத்தோம். அவள் வீட்டிலிருந்து கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். அதைக் குடித்த பிறகு தோள் தூக்குவது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மாமியார் காலை நீட்டிக்கொண்டார். அலை வந்து பாதத்தைத் தொட்டதும் ஒருமுறை காலை இழுத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் நீட்டினார். 

படகு திரும்பியபோது வெயில் சிவந்திருந்தது. மாமனார் நேரே அறைக்குப் போனார். கோணிக்கொண்டு நின்ற கதவைப் பார்த்தார். பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் எங்களைத் தேடி மணலுக்கு வந்தார்.

"கதவக் கழட்டச் சொன்னது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "நாந்தேன்" என்றார்.

"ஊரான் வந்து கதவக் கழட்டித் தூக்கிட்டுப் போறதா பொம்பளைகள? மானம் போச்சு."

"மூச்சுப் போகப் பாத்துச்சு. எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க."

  அவர் திரும்பிப் போய், அந்த ஆண்களோடு சேர்ந்து கதவைக் குடுமியில் ஏற்றத் தொடங்கினார்.

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். முகமெல்லாம் உப்பும் வெயிலும். "சாவிய வாங்கி எங்ககிட்டக் குடுத்துட்டுப் போயிருந்தா, சந்து வழியா வெளிய நீட்டியிருப்போம்ல?" என்று கேட்டேன்.

"அப்பாகிட்டப் போயி எப்பிடிக் கேக்குறது?" என்றார். "படகுல இருந்தப்ப அதேதான் நெனப்பு. படகத் திருப்பச் சொல்லலாம்னு பாத்தேன். சொல்ல வாய் வரல."

கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் மீசை வைத்த அந்த ஆள் மணலைக் காலால் கீறிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, இவரையும் யாரோ எப்போதோ உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று தோன்றியது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. இவர் வந்து எனக்குத் திறந்துவிடுவார் என்று அதுவரை ஒரு நம்பிக்கை இருந்தது.

மறுநாளே ரயிலேறிவிட்டோம். மாமனார் எதிர் சீட்டுக்காரரிடம் தீவைப் பற்றியும் தண்ணீருக்கடியில் தெரிந்த பாறைகளைப் பற்றியும் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த ஆளின் மனைவி என் மாமியாரிடம், "நீங்களும் படகுல போனீகளாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. எங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாக" என்றார் மாமியார்.

சாதாரணமாக, மழை பெய்தது என்பது போலத்தான் சொன்னார். அப்புறம் முழுவதையும் சொன்னார், மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்றையும் விடாமல். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். மாமனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மானாமதுரையில் தண்ணீர் பிடிக்க இறங்கியவர் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஊருக்கு வந்தும் மாமியார் நிறுத்தவில்லை. பால்காரியிடம் சொன்னார், வளையல் விற்க வந்தவளிடம் பூட்டிய கதவுக்கு உள்ளிருந்தே சொன்னார். சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. கிட்டங்கியிலும் யாரோ மாமனாரிடம் கேட்டிருக்க வேண்டும். ஒருநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பினார், கதவைச் சாத்தினார், நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் நின்று காது கொடுத்தோம். பூட்டுச் சத்தம் கேட்கவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் சந்தில் தேய்ந்து போனது.

அதன் பிறகு அவர் பூட்டவில்லை. மாமியாரும் நானும் வாய் ஓயாமல் பேசுகிறவர்களாக ஆனோம். ஆனால் எங்கேயாவது போய் வரலாம் என்று அந்த வீட்டில் யாரும் பேச்செடுக்கவே இல்லை. அத்தை மறுபடி கடலைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். பூட்டாமல் போன அந்த முதல் நாள், வெறுமனே சாத்தியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அத்தை எழுந்து கதவைத் திறந்து, வாசலில் நின்று சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எங்க போறது?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை.